பிளேடு அண்ணனுக்கு, டிராலி தம்பிக்கு

"மேடம், அவன்கிட்டச் சொல்லுங்க. தண்டவாளத்த ரெண்டு நூலு இங்கன தள்ளணும்."

எனக்கு இடது பக்கம் நின்றுகொண்டு இதைச் சொன்னவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. 'அவன்' என்று அவர் குறிப்பிட்ட ஆள் என் வலது பக்கம் நின்றார். அவருடைய கூடப்பிறந்த தம்பி சுடலைமுத்து. இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி இருந்தால் அதிகம். அந்த நாலடியில்தான் நான் நின்றேன்.

வலது பக்கம் திரும்பினேன். "தம்பி, தண்டவாளத்த ரெண்டு நூலு தள்ளணுமாம்."

"ஒரு நூலுதான் தள்ள முடியும். அதுக்கு மேல போனா போல்ட்டு ஓட்டைக்கு வராதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க மேடம்."

இடது பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, ஒரு நூலுதான்..."

"கேட்டிச்சு. எனக்கென்ன காது செவிடா?"

கேட்டது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லி முடிக்கிறவரை அவர் பதில் பேசமாட்டார். அதுதான் அங்கே முறை.

ஒரு நூல் என்றால் அரைக்கால் இன்ச். மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதுத் தகரக் கொட்டகை. மேலே சாரல், சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போடுகிறது. எத்தனையோ வருஷம் காக்கி போட்டு, ஸ்டேஷனில் அதட்டி, சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆன நான், அந்தத் தகரத்துக்குக் கீழே நின்று நூல் நூலாகப் பேச்சைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

சாமியும் சாமில்லும்

இந்தத் தொடரை வாசிக்கிறவர்கள், "ஒரு கொலைக் கேஸாவது எழுதுங்க மேடம்" என்று கேட்டபடி இருக்கிறார்கள். இந்த வாரமும் கொலை இல்லை. ஆனால் ஒரு சாவு விழுந்திருக்க வேண்டியது. விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

எல்லாம் ஒரு ஆடிக்காற்றில் ஆரம்பித்தது. இலத்தூரில் எனக்குப் பங்காக வந்த தோப்பில் மூன்று பலா மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. நல்ல வைரம் பாய்ந்த மரங்கள். அப்போதுதான் என் மகள் தென்காசியில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தாள். அடுத்த வருஷ ஆவணியில் வாசலுக்கு நிலை வைப்பதாக முடிவு. "நிலைக்குப் பலாக் கட்டை நான் தாரேன்" என்று சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைக் கொடுத்திருந்தேன்.

தென்காசியில் மரம் அறுக்கிற ஒரு சாமில்லுக்குப் போனோம். முதல் தடவை, ஆடி போகட்டும் என்றார் முதலாளி. இரண்டாம் தடவை, மழை விடட்டும் என்றார். மூன்றாம் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், அம்மாவ அந்தாக்கில உக்காரச் சொல்லுங்க, தூசி பறக்கும்" என்றார்.

மரம் என்னுடையது. தோப்பு என்னுடையது. கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் அவருக்கு!

வெளியே வந்து காரில் ஏறினதும், "நாமளே ஒரு சாமில் வாங்கினா என்ன?" என்றேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். வயர்லெஸ்ஸில் பேசிப் பேசி, தேவையில்லாமல் ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். அவரே அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார்.

"ரிட்டயர் ஆன பொம்பளைங்க எல்லாம் சாமி சாமின்னு போறாங்க. நீ சாமில் சாமில்ங்குத. ஒரு எழுத்துதான் கூட."

வனத்துறை அனுமதிக்கு அலைந்ததை எழுதினால் சிரிக்க ஒன்றும் இருக்காது. விட்டுவிடுகிறேன்.

சுவரில் சாய்ந்திருந்த பிளேடு

வாசுதேவநல்லூரில் ஒரு பழைய வட்ட ரம்பம் சும்மா கிடக்கிறது என்று தகவல் வந்தது. போனோம். பேச்சிமுத்து அண்ணாச்சி வீட்டு நடுக்கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே, பிளேடு சுவரில் சாய்ந்திருந்தது. என் இடுப்புக்கு மேல் உயரம். பல்லுக்குப் பல் எண்ணெய் தடவி, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்ற எனக்கு, செருப்பை வெளியே கழற்றிவிட்டேனா என்று சந்தேகம் வந்து குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடுமாவா? பூவரசு, புளி, வேம்பு எதக் குடுத்தாலும் வெண்ணெய்தான்."

மோட்டார், பிளேடு மாட்டுகிற தண்டு, புல்லி, பெல்ட் எல்லாவற்றையும் காட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தன. பேசி முடித்து லாரியில் ஏற்றினோம். எதிர்வீட்டு வாசலில் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு ஏற்றி முடிகிறவரை வேடிக்கை பார்த்தார். இவ்வளவு ஆர்வமாக வேடிக்கை பார்க்கிறாரே, ஒரு கை பிடிக்கலாமே என்று நினைத்தேன்.

மேலகரம் வந்து இறக்கின பிறகு, இரும்பு வேலை பார்க்க வந்தவர் சுற்றிச் சுற்றி வந்தார். "மேடம், டிராலி எங்க?"

"என்ன டிராலி?"

"தடிய எது மேல வச்சுப் பிளேடுக்குத் தள்ளுவீங்க? டிராலி, அது ஓடுத தண்டவாளம், ரெண்டையும் காணோமே!"

போனைப் போட்டேன்.

"டிராலி என்கிட்ட ஏது மேடம்? அது அவன் பங்கு" என்றார் அண்ணாச்சி.

"எவன்?"

"அவன்தான்."

"பேரு என்ன?"

"அவன் பேர நான் சொல்லுதது கிடையாது."

எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். பெயரைச் சொல்லாத ஆட்களிடம் பெயர் வாங்குவது எனக்குப் புதிது இல்லை. கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "எதுத்த வீடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாட்டுத் தொழுவத்தில் தண்டவாளம்

கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த ஆள்தான் சுடலைமுத்து. மறுபடி நாங்கள் போய் இறங்கினபோதும் அதே வாசலில் அதே மாதிரி நின்றார்.

"எப்ப வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"நீங்க அவரு வீட்டு ஆளுங்களோ என்னமோன்னு இருந்திட்டேன்."

கதை இதுதான். அப்பா காலமான பிறகு சொத்து பிரித்தார்கள். வயல் ஆளுக்குப் பாதி, கிணறு ஆளுக்குப் பாதி. சாமில்லை எப்படிப் பிரிப்பது? பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள், பிளேடை அண்ணனுக்கும் டிராலியைத் தம்பிக்கும் கொடுத்தார்கள். ஒன்று இல்லாமல் ஒன்று ஓடாது, அதனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆகவேண்டும் என்று அவர்கள் கணக்கு. பேச வந்தவர்களுக்கு மர வேலை தெரிந்திருக்கலாம். இந்த இரண்டு பேரையும் தெரியவில்லை. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஓட்டினார்கள். பிறகு மில்லும் நின்றது, பேச்சும் நின்றது.

டிராலி வீட்டுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. அதன் மேல் மிளகாய் வத்தல் காய்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. தண்டவாளம் இரண்டும் மாட்டுத் தொழுவத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. ஆனா தொழுவ அப்படியே திருப்பிக் கெட்டித் தரணும்" என்றார் சுடலை.

அப்படியாக, பழைய சாமில் வாங்கப்போன நான், வாசுதேவநல்லூரில் ஒரு மாட்டுத் தொழுவம் கட்டிக் கொடுத்தேன். கூரையைப் பிரித்த நாளில் மாட்டை எங்கே கட்டுவது என்று பார்த்தபோது நிழல் இருந்த ஒரே இடம் அண்ணாச்சி வீட்டு முற்றம்தான். மாடு தானாகப் போய் அங்கே நின்றுகொண்டது. அண்ணாச்சி மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். "மாடு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார், யாரும் கேட்காமலே.

ஓவர்

வட்ட ரம்பம் மாட்டுவதில் சூட்சுமம் எல்லாம் ஒன்றேதான். பிளேடும் தண்டவாளமும் ஒன்றையொன்று அனுசரித்து நிற்கவேண்டும். கொஞ்சம் விலகினால் பலகை கோணும், இல்லையென்றால் பிளேடு சூடேறிப் பாம்பு மாதிரி நெளியும். பிளேடு பக்கம் தெரிந்தவர் அண்ணன். தண்டவாளம் பக்கம் தெரிந்தவர் தம்பி. இரண்டு பேரையும் வரவழைக்காமல் வேறு வழி இல்லை.

வந்தார்கள். ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். முன்வாசல் வழியாக ஒருத்தர் இறங்கினார், பின்வாசல் வழியாக இன்னொருத்தர்.

ஆளைக் கடத்துகிறவர்களைப் பிடித்திருக்கிறேன். பேச்சைக் கடத்துகிற வேலையும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்தான். சீசன் டியூட்டியில் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் நிற்பேன். எண்ணெய் வழிய ஒரு அம்மா வந்து, "அவுகளுக்குச் சோப்பு நீலப் பையில இருக்குன்னு சொல்லிருங்க" என்பார்கள். ஆண்கள் பக்கம் நிற்கிற கான்ஸ்டபிளிடம் நான் கையைக் காட்ட, அவர் அங்கே ஒரு வழுக்கைத் தலையைத் தேடிப்பிடிப்பார். அரசாங்கம் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுத்தது.

ஆனால் இது வேறு. அண்ணாச்சி, "அந்தக் கூறுகெட்ட சவத்துக்கிட்டச் சொல்லுங்க, மட்டப்பலகைய நேராப் பிடிக்கச் சொல்லி" என்பார். நான் திரும்பி, "தம்பி, மட்டப்பலகை கொஞ்சம் சாஞ்சிருக்காம்" என்பேன். சுடலைக்கு முழுசும் கேட்டிருக்கும். ஆனால் நான் சொன்னதற்குத்தான் அவர் பதில் சொல்வார். கூறுகெட்ட சவத்துக்குப் பதில் வராது. என் வழியாக வராதது எதுவும் அவர் கணக்கில் இல்லை.

சாரலில் நின்று நின்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வேலை நின்றுவிடும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து நடுவில் நின்றார். நிமிர்ந்து நின்றார். பழைய உடம்பு திரும்பிவிட்டது.

"இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு. பின்கட்டை அரை நூல் உசரம். இறக்கவும். ஓவர்."

சுடலை ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு, "இறக்கியாச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார்.

"ஓவர் சொல்லணும்."

"ஓவர்."

"வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு. இறக்கியாச்சு. ஓவர்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிக்கக்கூடக் குரல் இல்லை. சாயங்காலத்துக்குள் அவரும், "நட்ட முறுக்கச் சொல்லுங்க, ஓவர்" என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளதைச் சொன்னால், வேலை அன்றைக்குத்தான் வேகமாக நடந்தது.

திறப்பு விழா

நல்ல நாள் பார்த்து மகள், சம்பந்தி, அக்கம்பக்கம் எல்லாரையும் அழைத்தேன். தேங்காய் உடைத்தாயிற்று. சூடம் காட்டியாயிற்று. முதல் தடியை டிராலியில் ஏற்றி, சம்பந்தியம்மா கையாலேயே சுவிட்சைப் போடச் சொன்னேன்.

பிளேடு சுற்றியது. அழகான சத்தம். சுடலை டிராலியைத் தள்ளினார். தடி பிளேடைத் தொட்டது. அறுபடவில்லை. புகைதான் வந்தது. பலாக் கட்டை கருகி, இனிப்பாக ஒரு வாசனை.

"சாம்பிராணி நல்ல சாம்பிராணி" என்றார் சம்பந்தி.

"நிப்பாட்டுங்க! பிளேடு பின்பக்கமாச் சுத்துது!" என்று அண்ணாச்சி கத்தினார். எலக்ட்ரீசியன் மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்திருந்தார். திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை ரம்பம் தடிக்குள் இறங்கியது. மஞ்சள் தூள் கொட்டின மாதிரி மரத்தூள் குவிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பலகை விழுந்தது.

எடுத்துப் பார்த்தோம். ஒரு முனை இரண்டு இன்ச் கனம். மறுமுனை ஒன்றரை.

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. "மேடம், அவன்கிட்டச் சொல்லுங்க. இதத்தான் நான் அன்னைக்கும் சொன்னேன். கோளாறு தண்டவாளத்துல."

"அவருகிட்டச் சொல்லுங்க மேடம். நானும் இதத்தான் அன்னைக்குச் சொன்னேன். கோளாறு பிளேடுல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் பேச்சு நின்றதன் ஆதி இதுதான். வயல் இல்லை, கிணறு இல்லை. வருஷக்கணக்கான மௌனத்துக்குக் காரணம் ஒரு கோணல் பலகை!

என் வீட்டுக்காரர் ஒரு நூல் கயிற்றை எடுத்துத் தரையில் பிடித்துப் பார்த்தார். தண்டவாளம் சரி. பிளேடும் சரி. நான் போட்ட காங்கிரீட் தளம்தான் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பழைய குப்பைக்குழியைச் சரியாக மண் இறுக்காமல் மூடி, அதன் மேலேயே தளம் போட்டிருக்கிறார் கொத்தனார். சாரல் இறங்க இறங்க, மண்ணும் இறங்கிவிட்டது.

"மேடம், அவன் தண்டவாளத்துல கோளாறு இல்லன்னு அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"அவரு பிளேடுலயும் இல்லன்னு சொல்லிருங்க மேடம்."

பிறகு இரண்டு பேரும் ஒரே மாதிரித் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். நான் கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

யாரைக் கூப்பிட்டார்?

தளத்தை உடைத்து, மறுபடி போட்டு, காயவிட்டு, மறுபடி எல்லாம் மாட்டினோம். நிலை வைக்கிற நாள் நெருங்கிவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து, "கடையில வேணா ஆர்டர் குடுத்திருவோமா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதைதான் என்னைக் குத்தியது.

பலகை இப்போது நேராக வந்தது. முனைக்கு முனை ஒரே கனம். நான் சந்தோஷத்தில், நிற்கக்கூடாத இடத்தில், பிளேடுக்கு நேராகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய தடி உள்ளே போனது. பாதி தூரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம், தீப்பொறி. மரத்துக்குள் எந்தக் காலத்திலோ யாரோ அடித்த இரும்புக் கொக்கி. மரம் வளர்ந்து அதை விழுங்கிவிட்டிருக்கிறது. தடி டிராலியில் துள்ளியது. பெல்ட்டைத் தள்ளி பிளேடை நிறுத்துகிற கம்பு, தம்பி நிற்கும் பக்கம் இருந்தது.

"ஏலே சுடலை! பெல்ட்டத் தள்ளுலே!"

சுடலை பாய்ந்து கம்பைத் தள்ளினார். அதற்குள் ஒரு மரச்சிராய், என் கை நீளம் இருக்கும், என் காதோரம் பறந்துபோய்ப் பின்னால் தகரத்தைக் குத்திக்கொண்டு நின்றது. பிளேடு மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

அப்படியே மரத்தூள் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். கலவரத்தில் கல் வந்து விழும்போதுகூட நின்றவள் நான். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

கொஞ்சம் நிதானம் வந்ததும் எனக்கு உறைத்தது. "அண்ணாச்சி, நீங்க தம்பியப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க!"

"நானா? இல்லையே."

"'ஏலே சுடலை'ன்னு கூப்பிட்டீங்களே?"

"நான் எங்க சொடலமாடனக் கூப்பிட்டேன். குலசாமி. ஆபத்துல சாமியக் கூப்பிடாம?"

"'லே' போட்டா?"

"எங்க சாமிய நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்."

"'பெல்ட்டத் தள்ளுலே'ன்னு சாமிகிட்டச் சொன்னீங்களா?"

"ஏன் மேடம், சாமிக்குப் பெல்ட்டு தள்ளத் தெரியாதா?"

வலது பக்கம் திரும்பினேன். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க. அண்ணன் குரலக் கேட்டுத்தான தள்ளினீங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல மேடம். தள்ளணும்னு தோணிச்சு, தள்ளினேன்."

பஸ்ஸில் வந்த இரண்டு பேர்

நிலை நேரத்துக்குப் போய்விட்டது. பலா நிலை, மஞ்சள் பூத்து, நேராக நின்றது. சம்பந்தியம்மா தடவிப் பார்த்து, "எந்தக் கடை?" என்றார்கள். அந்தக் கேள்வியை நான் இன்னும் ரசிக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு திட்டம் உருவானது. இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்து, பாயசத்தோடு இலை போட்டு, கையைப் பிடித்துச் சேர்த்துவிடுவது. ஸ்டேஷனில் எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன்! இது என்ன பிரமாதம்?

எப்படியோ செய்தி வாசுதேவநல்லூர் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். அண்ணன் மனைவி செல்லம்மாள், தம்பி மனைவி மாரியம்மாள். ஒருத்தி கூந்தலில் இருந்த பிச்சிப்பூவும் மற்றவள் கூந்தலில் இருந்ததும் ஒரே சரத்தில் கிள்ளினவை. கையில் அதிரசம்.

"மேடம்" என்று ஆரம்பித்தாள் செல்லம்மாள். "தயவு செஞ்சு ரெண்டு பேரையும் சேத்து வச்சிராதீங்க."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பேச்சு இருந்த காலத்துல வாரத்துக்கு ஒரு அடிதடி மேடம்" என்றாள் மாரியம்மாள். "வரப்புக்குச் சண்ட, கிணத்துத் தண்ணிக்குச் சண்ட. இவரு மண்டைய அவரு ஒடைக்க, அவரு கைய இவரு ஒடைக்க. பேச்சு நின்ன பொறவுதான் நாங்க நிம்மதியா இருக்கோம். நானும் அக்காவும் ஒரே அடுப்புலதான் முறுக்கு சுடுதோம். புள்ளைங்க ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போகுது. அவுக ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான வாராக? டிக்கெட்டு யாரு எடுக்கான்னு நெனைக்கீங்க? முதல்ல ஏறுதவங்க. 'பின்னால ஒண்ணு உக்காந்திருக்கு, அதுக்கும் சேத்து'ம்பாரு இவரு."

"பேச விட்டீங்க, எல்லாம் போச்சு" என்றாள் செல்லம்மாள்.

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "புரிந்தது. ஓவர்" என்றார்.

பாயசத் திட்டத்தைக் கைவிட்டேன். அதிரசம் நன்றாக இருந்தது.

இப்போது மில் ஓடுகிறது. பிளேடு பக்கம் அண்ணாச்சி, டிராலி பக்கம் சுடலை. நான் நடுவில், பிளேடுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மரம் கொண்டுவருகிறவர்களில் சிலர், சாமில் என்றால் இப்படி ஒரு ஆள் நடுவில் இருப்பது வழக்கம் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஒருநாள் வேலை கொஞ்சம் இழுத்துவிட்டது. மத்தியானம் தாண்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அண்ணாச்சி பிளேடைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"மேடம், அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க."

நான் திரும்பினேன். "தம்பி, சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க மேடம்" என்றார் சுடலை. டிராலியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார்.

பிறகு சொன்னார்: "அவரு சாப்பிட்டாரான்னு நான் ஒண்ணும் கேக்கலைன்னும் சொல்லிருங்க."

சொன்னேன்.

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.